செய்யுளுறுப்பும் நாடகவுறுப்பும்: காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

கவிதை இயற்றப் பயில்வோர்க்கும் நாடகம் இயற்றப் பயில்வோர்க்கும் முதற்கண் கற்பிக்கப்பெறுவன உறுப்புக்களே. கவிதைக்கு ஓசை, தொடை, உவமை, படிமம் என ஒரு பட்டியும், நாடகத்திற்குக் கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், காட்சி என வேறொரு பட்டியும் தருதல் இன்றைய பாட நூல்களின் வழக்கம். இவ்விரு பட்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. ஆதலின், கவிதை என்பது தனியொருவன் தன்னுள் முணுமுணுப்பது, நாடகம் என்பது பலர் கூடிப் பேசுவது என்னும் எண்ணம் பயில்வோர் உள்ளத்தில் எளிதாக வேரூன்றிவிடுகின்றது.

இப்பிரிவு தமிழ் மரபிற்கு இயல்பானதா? இயல்பன்றாயின், அது நேர்ந்தது எவ்வாறு? பிரிந்தபின் நாடகவுறுப்பு எங்கே தங்கி வாழ்ந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடை காணுதற்குக் காஞ்சி வட்டாரம் சிறந்ததொரு களமாக அமைகின்றது. காவிய இலக்கணம் வகுத்த தண்டியும், எள்ளல் நாடகம் இயற்றிய மகேந்திரவர்மனும் காஞ்சியோடு தொடர்புடையோர். அந்நகர்க்குத் தெற்கே, பாலாற்றுக்கு அப்பால், ஐயங்கார்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. விசயநகரப் பேரரசின் காலத்தில் இலக்குமிகுமார தாதாசாரியர் அமைத்த பெருங்குளமும், சஞ்சீவிராயர் கோயிலும், நடவாவி என்னும் படிக்கிணறும் அவ்வூர்க்குப் பெருமை தருவன. ஏரிப்பாசனமும் நெல்விளைவும் வாழ்வாக உடைய இத்தகைய ஊர்களில்தான் பாரதக் கூத்து இன்றும் விடிய விடிய ஆடப்பெறுகின்றது. ஏட்டில் நின்ற இலக்கணத்தையும் களத்தில் நின்ற கலையையும் ஒருங்கு வைத்து நோக்குதற்கு இவ்வட்டாரம் இடந்தருகின்றது.

1. செய்யுளுறுப்பு 34

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் எட்டாம் இயல் செய்யுளியல். அதன் முதல் நூற்பா செய்யுளுறுப்புக்களை 34 என எண்ணுகின்றது. அவற்றுள் 26 உறுப்புக்கள் தனிச்செய்யுளிலும் காணத் தக்கன. அம்மை முதலாக எண்ணப்பெறும் எட்டும் வனப்பு எனப்படும். அந்த 26 உறுப்புக்களையும் வரிசை பிறழாமல் நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும்.

முதற்கண் நிற்கும் பன்னிரண்டும் செய்யுளின் வடிவு பற்றியன. மாத்திரையில் தொடங்கி, எழுத்து, அசை, சீர், அடி எனப் படிப்படியே வளர்ந்து, யாப்பு, மரபு, தூக்கு, தொடை, நோக்கு, பா ஆகியவற்றைக் கடந்து, அளவியலில் முடிகின்றது அவ்வரிசை. அவற்றை அடுத்து வரும் பன்னிரண்டும் வேறு இயல்பின. திணை, கைகோள் என்னும் இரண்டும் வாழ்வின் நிலையைச் சுட்டும். கூற்று பேசுவோரையும், கேட்போர் என்பது பேச்சை ஏற்போரையும் குறிக்கும். களன் இடத்தையும் காலம் பொழுதையும் காட்டும். பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன அப்பேச்சால் விளைவதையும், உடலில் தோன்றுவதையும், சொல்லாது விடப்பட்டதையும், சொல்லால் உய்த்துணரப்படுவதையும் உணர்த்தும். பொருளும் துறையும் இவற்றைத் தொகுத்து நிறுத்தும். எஞ்சிய மாட்டும் வண்ணமும் முறையே பொருளையும் ஓசையையும் இயைப்பன.

பின்னைய பன்னிரண்டனையும் பெயர் கூறாது ஒருவர்க்குக் காட்டின், அவர் அவற்றை நாடகத்தின் உறுப்புக்கள் என்றே கூறுவர். யார் பேசுகின்றார், யாரிடம் பேசுகின்றார், எவ்விடத்தில், எப்பொழுதில், எதன் பொருட்டு என்னும் வினாக்கள் மேடை எழுத்தாளன் ஒவ்வொரு காட்சிக்கும் வினவிக்கொள்ள வேண்டியன அல்லவா? தொல்காப்பியர் அவற்றைத் தனிச்செய்யுளுக்கே உரிய உறுப்புக்களாக வைத்தார். அசைக்கும் சீருக்கும் உள்ள அதே தகுதியைக் கேட்போர்க்கும் களத்திற்கும் அளித்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இவற்றுள் முன்னம் என்னும் உறுப்பு நுண்ணியது. இன்ன இடத்தில், இன்னார், இன்னார்க்குச் சொல்லத் தக்க சொல் இது எனக் கேட்போன் தானே அறிந்துகொள்ளுமாறு சொல் அமைதலே முன்னம். பெயர் குறியாமலே பேச்சால் ஆளைக் காட்டும் இத்திறம் நாடக உரையாடலின் உயிர்.

கூற்று பற்றிய நூற்பாக்களில் மற்றொரு நுட்பம் உண்டு. களவில் அறுவரும் கற்பில் பன்னிருவரும் பேசுதற்குரியர். ஆனால் தலைவியின் தந்தையும் தமையனும் பேசுதற்கு உரியர் அல்லர். அவர் சொல்லைப் பிறர் எடுத்துக் கூறலாமேயன்றி அவரே தோன்றிக் கூறுதல் இல்லை. ஊராரும் அயலாரும் அவ்வாறே. தலைவியின் வாழ்வை முடிவு செய்யும் அதிகாரம் தந்தையிடமும் தமையனிடமும் உள்ளது. ஆயினும் அவர்தம் குரல் பாட்டில் ஒலிப்பதில்லை. களத்திற்கு வாராத ஒருவன் களத்தில் நிற்போர் அனைவரையும் ஆட்டுவிக்கும் இவ்வுத்தியை நாடகம் பயில்வோர் இந்நூற்பாவிலிருந்தே கற்கலாம்.

2. ஒரு செய்யுட் சான்று

கூறியதை ஒரு பாட்டில் வைத்துக் காண்போம். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலர் இயற்றியது, ஐந்தடி அளவினது. தலைவன் மணத்தை நீட்டித்த காலத்துத் தலைவி தோழிக்குக் கூறியது. தன்னைத் தலைவன் கூடிய நாளில் அங்கே பிறர் ஒருவரும் இலர் என்பதும், ஓடும் நீரில் மீன்வரவு பார்த்து நின்ற மெல்லிய காலையுடைய குருகு ஒன்றே இருந்தது என்பதும், அவனே தன் சொல்லைப் பொய்ப்பானாயின் தனக்குப் புகல் யாது என்பதும் அதன் கருத்து.

இப்பாட்டின் எதுகை மோனையை எண்ணிக் காட்டுதல் எளிது. குருகின் காலுக்கு வந்த உவமையை விளக்குதலும் எளிது. அவ்வளவில் நின்றால் பாட்டின் பெருமை தோன்றாது. கூற்று தலைவியது. கேட்பவள் தோழி, தலைவி தன் அச்சத்தைத் தாயிடம் சொல்லல் ஆகாது, தலைவனிடம் சொல்லவும் நாணம் தடுக்கும். களன் இரண்டு: பேசும் இடம் ஒன்று, நினைவில் வரும் நீர்க்கரை மற்றொன்று. காலமும் அவ்வாறே இரண்டு: இழந்துவிடுவோமோ என்னும் இன்றும், கூடிய அன்றும். பயன், தோழி வரைவு கடாவுதல். எச்சம், தலைவி சொல்லாது விட்ட ஊரலரும் இற்செறிப்பும். சான்று கூற இயலாத குருகு இப்பாட்டில் பேசாத பாத்திரமாக நிற்கின்றது. அதுவும் தன் இரையையே நோக்கி நின்றது, இவர்களை நோக்கவில்லை.

ஐந்தடிக்குள் இத்துணையும் அடங்கியது, வடிவுறுப்புக்களும் கூற்றுறுப்புக்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலாலேயே ஆகும். இவற்றைப் பிரித்துக் கற்பிப்போர் பாட்டின் ஒரு பாதியையே கற்பிக்கின்றனர்.

3. மெய்ப்பாடும் நாடக வழக்கும்

மெய்ப்பாட்டியல் பொருளதிகாரத்தில் செய்யுளியலுக்கு முன் வைக்கப்பெற்ற இயல். நகையை முதலாகவும் உவகையை இறுதியாகவும் கொண்டு மெய்ப்பாடு எட்டாக அங்கு வகுக்கப்பெறும். ஒவ்வொன்றற்கும் நான்கு நிலைக்களன்கள் கூறப்பெறுகின்றன. சான்றாக, அழுகை இழிவுபடுதலாலும், இழத்தலாலும், நிலை தளர்தலாலும், வறுமையாலும் பிறக்கும். பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பவற்றால் பிறக்கும். உணர்ச்சியின் பெயரைக் கூறுவதோடு அமையாமல் அது எங்கிருந்து பிறக்கும் என்று காட்டுவதே இவ்வியலின் சிறப்பு. ‘அவன் அழுதான்’ என்று எழுதும் மாணவன், நான்கனுள் எதனால் அழுதான் எனத் தன்னையே வினவிக்கொள்ளின் அவன் எழுத்து தெளிவு பெறும்.

இவ்வியலின் முதல் நூற்பாவிலுள்ள ‘பண்ணை’ என்னும் சொல்லுக்கு வேந்தர் முதலாயினோர் ஆடலும் பாடலும் கண்டுகேட்டு மகிழும் விளையாட்டுக் களம் எனப் பேராசிரியர் பொருள் கொள்வர். இளம்பூரணர் சுவையை விளக்குமிடத்துச் செயிற்றியம் என்னும் நாடகத்தமிழ் நூலைத் துணைக்கொள்கின்றார். எனவே, மெய்ப்பாடு கூத்தர் களத்திலிருந்து செய்யுட்கு வந்த உறுப்பு என்பது உரையாசிரியர் இருவர்க்கும் உடன்பாடு எனல் பொருந்தும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைக் கூறுகின்றதே, அதனால் தொல்காப்பியர் காலத்தில் மேடை நாடகமும் நாடக ஏடும் இருந்தன எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. உரையாசிரியர்கள் அத்தொடர்க்குச் சுவைபட வருவனவற்றைத் தொகுத்துப் புனைந்துரைத்தல் என்றே பொருள் கண்டனர். அச்சொல்லாட்சி கொண்டு மறைந்துபோன நாடக நூல்களைக் கற்பனையால் படைத்துக்கொள்ளுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது. ஆயினும், செய்யுளின் புனைவு முறைக்கே ‘நாடகம்’ என்னும் சொல்லை அவர் ஆண்டமை, இரண்டும் அக்காலத்தில் அயன்மை உடையனவாகக் கருதப்பெறவில்லை என்பதற்குச் சான்றாகும். இவ்வளவே துணியத் தக்கது.

4. காஞ்சியில் பிரிந்த வழி

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் ஓரங்க நாடகத்தை வடமொழியிலும் பாகதத்திலும் இயற்றினான். கதை நிகழும் இடம் காஞ்சியே. கள்ளுண்டு களித்த காபாலிகன் ஒருவன் தன் மண்டையோட்டுக் கலத்தை இழக்கின்றான். புத்தத் துறவி ஒருவர்மீது பழி சுமத்துகின்றான். பாசுபதன் ஒருவன் நடுவனாகப் புகுகின்றான். முடிவில் நாய் கவர்ந்த கலம் பித்தன் ஒருவன் கைவழியே மீள்கின்றது. காஞ்சிக்குத் தெற்கே, ஐயங்கார்குளத்திற்கு அண்மையிலுள்ள மாமண்டூர்க் குடைவரையில் உள்ள சிதைந்த கல்வெட்டு இந்நாடகத்தின் பெயரைச் சுட்டுகின்றது.

இந்நாடகத்தின் பின்வரலாறு கருதத்தக்கது. காஞ்சியில் பிறந்த இந்நூலைப் பேணி வைத்தது கேரளம். அங்கே சாக்கையர் அதனைக் கூடியாட்ட மரபில் கோயில்களில் நடித்து வந்தனர். 1917இல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் த. கணபதி சாத்திரியார் அதனை அச்சேற்றினார். நடிப்போர் இருந்த இடத்தில் நூல் வாழ்ந்தது.

மகேந்திரனுக்கு ஏறத்தாழ மூன்று தலைமுறைக்குப் பின், ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர் தண்டி. அவந்திசுந்தரி கதை அவரைக் காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புபடுத்துகின்றது. அவர் இயற்றிய காவியாதரிசம் காவியத்தை உரைநடை, செய்யுள், கலப்பு என மூன்றாகப் பகுக்கும். நாடகம் கலப்பு வகையுள் அடங்கும் எனக் கூறும் தண்டி, அதன் விரிவு பிற நூல்களில் உள்ளது என்று கூறி அகல்கின்றார். பிறிதோரிடத்தில், நாடக நூலார் கூறும் சந்தி, விருத்தி முதலியவற்றின் உறுப்புக்களையும் தாம் அணியாகவே கொள்வதாகக் கூறுகின்றார். அஃதாவது, நாடகவுறுப்பு அணியிலக்கணத்தின் வாயிலில் நிறுத்தப்பெற்றது. உள்ளே தனியிடம் பெறவில்லை.

காவியாதரிசத்தின் செல்வாக்கு மிகப் பெரிது. கன்னடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிராசமார்க்கமும், சிங்களத்தில் சியபசுலகரவும் அதனை அடியொற்றின. திபெத்திய மொழியிலும் அது பெயர்க்கப்பெற்றது. தமிழில் வீரசோழியத்தின் அலங்காரப் படலம் தண்டியின் நெறியைத் தழுவியது. பின்னர்த் தண்டியலங்காரம் பொதுவணி, பொருளணி, சொல்லணி என மூன்று இயல்களாக அதனைத் தமிழ்ப்படுத்தி அமைத்தது. பெருங்காப்பிய இலக்கணம் கூறுமிடத்துச் சுவையும் பாவமும் குறிக்கப்பெறினும், கூற்று, கேட்போர், களன் என்னும் உறுப்புக்கள் அந்நூலில் தலையாய இடம் பெறவில்லை. கவிதையுறுப்பு என்றால் அணி என்னும் கருத்து அதன்பின் பரவியது.

தண்டியாசிரியரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர் தம் நூலின் எல்லையைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டார். விரிவு பிற நூல்களில் உண்டு என வழியும் காட்டினார். ஆனால், தமிழில் அந்தப் ‘பிற நூல்கள்’ ஒவ்வொன்றாக மறைந்தன. காட்டிய வழி அழிந்தபின் எல்லையே எஞ்சி நின்றது.

5. அடியார்க்குநல்லார் காத்த பதினான்கு

மறைந்தவற்றின் பெயரையும் சிறிது பொருளையும் நமக்குக் காத்துத் தந்தவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் முதலிய நாடக நூல்கள் தம் காலத்திலேயே முதலும் முடிவும் காணாவாய் இறந்தன எனக் குறிக்கும் அவர், எஞ்சிய பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் முதலியவற்றைத் துணைக்கொண்டு உரை வகுத்தார். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அவ்வுரையோடு வெளியிட்ட பின்னரே இச்செய்திகள் கற்றோர் பலர்க்கும் எட்டின. ‘மனோன்மணீயம்’ அதற்கு முந்திய ஆண்டாகிய 1891இல் வெளிவந்துவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அரங்கேற்று காதை அரங்கின் அளவையே வரையறுக்கின்றது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். புகுதற்கு ஒன்றும் வெளியேறுதற்கு ஒன்றுமாக வாயில் இரண்டு, எழினி மூவகை. தூணின் நிழல் ஆடுவோர்மீது விழாதவாறு விளக்கு அமைதல் வேண்டும் என்னும் அளவிற்கு இளங்கோவடிகள் நுணுகிக் கூறுகின்றார்.

அடியார்க்குநல்லார் நாடகவுறுப்புக்களைப் பதினான்காக எண்ணுவர். பொருள், யோனி, விருத்தி, சந்தி ஆகிய நான்கும் கதையின் அமைப்பைப் பற்றியன. சுவை, சாதி, குறிப்பு, சத்துவம், அவிநயம் ஆகிய ஐந்தும் உணர்வையும் ஆட்டத்தையும் பற்றியன. சொல், சொல்வகை, வண்ணம், வரி, சேதம் ஆகிய ஐந்தும் மொழியையும் பாட்டையும் பற்றியன எனப் பொதுவாகக் கூறலாம். இப்பட்டியில் வடசொற்கள் பல உள. பரதர் மரபின் தொடர்பை மறைத்தல் வேண்டா. ஆயினும் வந்த பொருளைத் தமிழுரையாசிரியர் எவ்வாறு தமதாக்கிக்கொண்டார் என்பதே நாம் காண வேண்டுவது.

யோனி என்பது கதையின் பிறப்பிடம். உள்ளவன் ஒருவன் தலைவனாக உண்மை நிகழ்ச்சியைக் கூறல், கற்பித்த தலைவனை வைத்து உண்மை நிகழ்ச்சியைக் கூறல், உள்ளவனை வைத்துக் கற்பித்த நிகழ்ச்சியைக் கூறல், இரண்டையும் கற்பித்துக்கொள்ளல் என அது நால்வகைப்படும். வரலாற்று நாடகம் எழுதுவோன் எங்கே நிற்கின்றான் என்பதை இந்நான்கினும் சுருங்கிய சொல்லால் வேறு எவரும் உணர்த்தல் அரிது.

சொல் மூவகை: தன்னுள் கூறிக்கொள்ளும் உட்சொல், எதிர்நிற்போர்க்குக் கூறும் புறச்சொல், எதிரில் இல்லாதாரை நோக்கிக் கூறும் ஆகாயச்சொல். செய்யுளியலிலும் இதற்கு இணை உண்டு. ஞாயிறு, திங்கள், கடல், மரம் முதலியவற்றைக் கேட்பன போலக் கொண்டு பேசுதலை அவ்வியல் ஏற்றுக்கொள்கின்றது. இருவேறு நூல்கள் பிரித்து வைத்தாலும் உறுப்பு ஒன்றே என்பது இதனால் போதரும்.

6. உழவும் சந்தியும்

பதினான்கனுள் சந்தியே கதைப்போக்கின் உறுப்பு. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என அது ஐந்து. அடியார்க்குநல்லார் இவ்வைந்தனையும் நெற்பயிரின் வாழ்வால் விளக்குகின்றார். நன்கு உழுது பதப்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைத்தல் முகம். முளை இலைவிட்டு நாற்றாதல் பிரதிமுகம். நாற்றுப் பெருகித் தன்னுள் பொருள் பொதிந்து கருக்கொண்டு நிற்றல் கருப்பம். கதிர் விரிந்து தலைசாய்ந்து முற்றுதல் விளைவு. அறுத்துப் போரிட்டு, கடாவிட்டு, தூற்றி, பொலி சேர்த்து, வீட்டிற்குக் கொண்டு சென்று உண்டு மகிழ்தல் துய்த்தல்.

வித்து என்னும் உருவகமும் பயன் என்னும் முடிவும் வடமொழி நாடக நூல்களிலும் உண்டு. ஆனால் அங்கே நான்காம் சந்தி விமர்சம். தடையும் ஐயமும் தோன்றும் இடம். ஐந்தாவது நிர்வகணம், முடித்து வைத்தல். தமிழுரையில் நான்காவது விளைவாகவும் ஐந்தாவது துய்த்தலாகவும் பெயர் பெற்றன. இம்மாற்றம் வெறுஞ்சொல் மாற்றம் அன்று. தடையைத் தாண்டுதலே கதையின் உச்சி என்பது ஒரு கொள்கை. முற்றுதலே கதையின் உச்சி என்பது மற்றொரு கொள்கை.

மேலை நாட்டு மரபில் அரிசுடாட்டில் துன்பியல் நாடகத்திற்குக் கதை, குணம், சொல், கருத்து, காட்சி, இசை என ஆறு உறுப்புக் கூறி, அவற்றுள் கதையே தலையாயது என்றார். 1863இல் செருமானியரான குசுதாவ் பிரைடாக்கு நாடகத்தின் போக்கை ஏறி இறங்கும் கோபுர வடிவில் வரைந்து காட்டினார். நம் பாட நூல்கள் பலவும் இன்று அவ்வடிவையே பின்பற்றுகின்றன. அது பிழை என்பதன்று. அவ்வடிவில் காண்போர்க்கு இடமில்லை என்பதே குறை. அடியார்க்குநல்லாரின் ஐந்தாம் சந்தியில் நெல்லை உண்போர் உளர். பயிர் முற்றியதோடு உழவு முடிவதில்லை, உண்டபின்னரே முடிகின்றது. அவ்வாறே கதை முடிந்ததோடு நாடகம் முடிவதில்லை. காண்போர் நெஞ்சில் சுவையாக நின்றபின்னரே முடிகின்றது. செய்யுளியல் கேட்போரை ஓர் உறுப்பாக வைத்த கருத்தும், உரையாசிரியர் துய்த்தலை ஒரு சந்தியாக வைத்த கருத்தும் ஒரே வேரின என்பது இதனால் விளங்கும்.

7. கல்லில் நின்ற நாடகம்

நாடக ஏடுகள் அழிந்தன. நாடகத்திற்கு அளித்த நெல்லின் கணக்கு அழியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இராசராசேச்சுவர நாடகம் வைகாசிப் பெருவிழாவில் ஆடப்பெறுதற்குச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கும் அவன் வழியினர்க்கும் நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக ஆண்டுக்கு 120 கலம் அளிக்கச் செய்த ஏற்பாட்டைக் கூறுகின்றது. மூன்று தூணி ஒரு கலமாதலின் 360 நாளுக்கும் கணக்கு ஒத்துவருகின்றது. நாடகம் பற்றி நமக்குத் தெரிவது இவ்வளவே. அதன் ஒரு வசனமும் நம் கைக்கு எட்டவில்லை. திருப்பாதிரிப்புலியூர்க் கல்வெட்டால் அறியப்பெறும் பூம்புலியூர் நாடகமும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளது. கூத்துக்காணி, சாக்கைக்காணி என்னும் நிலப்பெயர்களும் இவ்வகையின.

காஞ்சி வட்டாரத்திற்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கு ஒரு பங்கு ஒதுக்குகின்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே ஊரார் கூடியிருந்து பாரதம் கேட்டதற்கு இது சான்று. இன்று இப்பகுதித் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் வில்லிபாரதப் பிரசங்கமும் இரவில் பாரதக் கூத்தும் நிகழ்கின்றன. இவ்விரண்டற்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி உண்டு என நிறுவச் சான்று போதாது. ஆயினும், கதையைப் பொதுவிடத்தில் கூடியிருந்து கேட்டல் என்னும் வழக்கம் இம்மண்ணில் தொன்மையுடையது எனல் மிகையாகாது.

8. களத்தில் நின்ற உறுப்பு

பங்குனி தொடங்கி ஆடி வரை, அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் பருவமே இவ்வட்டாரத்தில் கூத்துக்குரிய பருவம். பலநாள் தொடர்ந்து கூத்து நடந்து, மண்ணால் வனைந்த துரியோதனன் பேருருவின்முன் படுகளம் நிகழ்ந்து, தீமிதியோடு விழா நிறைவெய்தும். உரையாசிரியர் உவமையாகக் கூறிய துய்த்தற் பருவம் இங்கே உண்மையாகவே கூத்தின் பருவமாக அமைந்துள்ளது.

கூத்தில் கட்டியங்காரன் முதலில் தோன்றுவான். அடுத்து, இருவர் பிடித்த திரையின் பின்னே வேடதாரி நின்று பாடுவான். கால் அசைவும் கிரீடத்தின் உச்சியும் மட்டும் தெரியும். கட்டியங்காரன் யார் எவர் என வினவ, தன் பெயரும் பெருமையும் கூறி வெளிப்படுவான். திரைப்பிரவேசம் என்னும் இம்முறை, சிலப்பதிகாரம் கூறும் எழினிகளை நினைவூட்டுகின்றது. விருத்தம், பாட்டு, வசனம் என மூன்றும் மாறிமாறி வரும். பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடியையும் வாங்கிப் பாடுவர். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் உடன் ஒலிக்கும்.

துகிலுரிதல் நிகழும் இரவில் சொல்லின் மூவகையையும் ஒருங்கே காணலாம். துச்சாதனனோடு திரௌபதி வாதிடுதல் புறச்சொல். தன் நிலையை எண்ணித் தானே இரங்குதல் உட்சொல். அவையில் இல்லாத கண்ணனைக் கூவி அழைத்தல் ஆகாயச்சொல். பீடுமனும் துரோணனும் வாய் திறவாதிருத்தல், பேசுதற்குரியர் பேசாமையால் விளையும் எச்சம். ஊர் மக்கள் இப்பெயர்களை அறியார். உறுப்புக்களை நன்கு அறிவர். எங்கே குரல் எழ வேண்டும், எங்கே ஆட்டம் நிற்க வேண்டும் என்பதை ஆசிரியர் வாயிலாகவும் களத்தின் வாயிலாகவும் கூத்தர் கற்றுக்கொள்கின்றனர்.

இக்கலையை முறையாகப் பயிற்றும் முயற்சியும் இவ்வட்டாரத்தில் நடந்தது. கூத்துக் கலைஞர் பெ. இராசகோபாலும் அன்னே எம். த புருயினும் முன்னின்று 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். காஞ்சியை அடுத்த புஞ்சையரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிக் கல்வியோடு கூத்தையும் பயிற்றியது. பெண்கள் மேடையேறாத ஒரு மரபில் சிறுமியர் வேடங்கட்டி ஆடியது குறிப்பிடத்தக்க மாற்றம்.

ஏட்டறிவையும் மேடையறிவையும் இணைக்க முயன்ற புலவர்களும் உளர். பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலைச் செய்யுளால் இயற்றினார். விபுலானந்த அடிகள் 1926இல் மதுரைத் தமிழ்ச்சங்க வாயிலாக வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யை உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்றாக வகுத்து, சேக்சுபியரின் நாடகங்களையும் தசரூபகத்தையும் தமிழ்க் கண்கொண்டு நோக்கினார். அவ்விரு நூல்களும் மேலை நாடகத்தையும் வடமொழி நாடகத்தையும் தமிழோடு ஒப்பிட்டன. ஊர்க்கூத்தை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளவில்லை. அக்காலக் கற்றோரிடையே தெருக்கூத்துக்கு மதிப்பில்லாமை அதற்குக் காரணமாகலாம். விடுபட்ட அப்பணி இன்றைய ஆய்வாளரை நோக்கி நிற்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படும். தொல்காப்பியச் செய்யுளியல், வடிவுறுப்போடு கூற்றுறுப்பையும் சமமாக எண்ணியது. அங்கே கவிதைக்கும் நாடகத்திற்கும் இடையே வேலி இல்லை. காஞ்சியில் தோன்றிய அணிநூல் மரபு நாடகத்தைப் பிற நூல்களுக்கு விட்டது. அந்நூல்கள் தமிழில் மறைந்தமையால் பிரிவு நிலைபெற்றது. அதன்பின் செய்யுளுறுப்பு ஏட்டில் வாழ்ந்தது. நாடகவுறுப்பு உரையாசிரியர் ஒருவரின் நினைவிலும், கோயிற் கல்லிலும், ஊர்க்களத்திலும் வாழ்ந்தது.

ஆதலின், எழுதப் பயில்வோர்க்கு உறுப்புக்களைக் கற்பிக்கும் முறை ஒன்று மாறுதல் வேண்டும். கவிதை வகுப்பில் அணியினின்று தொடங்காமல் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றினின்று தொடங்குதல் நன்று. தான் எழுதும் பாட்டில் பேசுபவர் யார், அதனைக் கேட்பவர் யார் எனக் கூற இயலாத மாணவன், உவமைகளைச் சேர்த்துப் பயனில்லை. நாடக வகுப்பில் கோபுர வடிவோடு நெற்பயிரின் ஐந்து நிலைகளையும் கற்பித்தல் நன்று. இரண்டற்கும் மேலாக, ஆண்டில் ஓர் இரவேனும் மாணவர் ஊர்க்கூத்தைத் தொடக்கம் முதல் விடியல் வரை இருந்து காணுதல் வேண்டும்.

சித்திரை முழுநிலவில் காஞ்சி வரதராசர் ஐயங்கார்குளத்து நடவாவிக்கு எழுந்தருள்கின்றார். அவ்விழாவின் பொருட்டுக் கிணற்று நீர் இறைக்கப்பெறும். ஆண்டு முழுதும் நீருக்குள் மறைந்திருந்த தூண்மண்டபம் அன்று வெளிப்படும்; மக்கள் படியிறங்கிச் சென்று காண்பர். நம் நாடகவுறுப்புக்களும் அம்மண்டபம் போன்று மறைந்துள்ளனவேயன்றி அழிந்தில. நீரை இறைக்கும் பணியே நமக்கு எஞ்சியுள்ளது.